சென்னியம்மாளுக்கு ஒரு கட்டம்

ஜேடர்பாளையத்துக்கு வடக்கே, காவிரி வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டில் இருக்கிறது ஓடைக்காட்டுப்புதூர். கீழே வாய்க்கால் பாயும் ஊர்களில் கரும்பு, வாழை, வெற்றிலை. மேட்டில் மழையை நம்பி நிலக்கடலை, சோளம், கொஞ்சம் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளி. இங்கே மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். ஊருக்குள் போய், “யார் காட்டில் கடலை நன்றாக விளையும்?” என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் சென்னியம்மாள் வீட்டுப் பக்கம் கை காட்டுவார்கள். பத்தாவது ஆள் தன் வீட்டைக் காட்டுவார். அவர் பேச்சை நம்ப வேண்டாம்.

அந்தச் சென்னியம்மாளைத்தான் போன ஆனி மாதம் ஒரு பொருளாதார ஆய்வு ‘நிலமற்றவர், தனித்து வாழும் பெண்’ என்று வகைப்படுத்தியது.

ஆய்வுக்கு வந்தவர் யாழினி. அயோத்தியாப்பட்டணத்துக்காரர், பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு பொருளாதாரப் பேராசிரியர் மாட்டு வண்டி ஏறி இதே ஊருக்கு வந்து, வீடு வீடாக விசாரித்து ஒரு கட்டுரை எழுதிவிட்டுப் போனார். அதே ஊரை மறுபடி எண்ணி, என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது யாழினியின் வேலை.

கிராமத்து மனிதர்களை வகை பிரிப்பதில் பொருளாதார அறிஞர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. முதலில் வந்தவர்கள் மண்ணைப் பிரித்தார்கள். வரி மண்ணிலிருந்து வந்த காலம் அது. அடுத்து வந்தவர்கள் மாட்டையும் ஏரையும் எண்ணி, ஓர் ஏர்க் குடும்பம், ஈரேர்க் குடும்பம் என்றார்கள். பிறகு ஏக்கர் வந்தது: குறு, சிறு, பெரு. அப்புறம் யார் யாருக்குக் கூலி கொடுக்கிறார்கள் என்று துருவினார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள் சோற்றுத் தட்டையே எட்டிப் பார்த்து, ஆளுக்கு எத்தனை கலோரி என்று கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஒரு கட்டம் போட்டது. ஊர்க்காரர்களும் மரியாதைக்கு அதற்குள் உட்கார்ந்து பார்த்தார்கள். எப்போதும் ஒரு கையோ காலோ வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

பல ஆய்வுகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். கேட்பதற்கு ஒரு குறையும் இல்லாத விதி. கொங்குப் பக்கம் வந்தால்தான் அது காலை வாரிவிடும். இங்கே மகனுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களில் பெற்றவர்களே பாத்திரம் பண்டம் கொடுத்துத் தனி அடுப்பு வைத்துவிடுவார்கள். சண்டையும் கிடையாது, மனத்தாங்கலும் கிடையாது. ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே மாட்டுக் கொட்டகை. சோறு மட்டும் வேறு.

வண்டியில் வந்த பேராசிரியருக்கு இது பிடிபடவில்லை. அடுப்புகளை எண்ணிப் பார்த்து மலைத்துப்போய், ‘ஒற்றுமை குலைந்த ஊர், பெற்ற தாயும் மகனும்கூடப் பிரிந்து வாழ்கிறார்கள்’ என்று எழுதிவிட்டார். யாழினி அந்த வரியை டீக்கடையில் வாசித்துக் காட்டியபோது பெஞ்சில் இருந்த ஒருவருக்குப் புரையேறியது.

“ஏனுங் அம்மிணி, ஒத்துமையா இருக்கோணும்னுதானுங்க அடுப்பையே பிரிச்சோம்! ஒரே அடுப்பா இருந்திருந்தா ஊரே காலியாயிருக்குமுங்க.”

சென்னியம்மாள் பிறந்தது கீழே, காவிரிக்கரை வேலூர்ப் பக்கம் வாய்க்கால் பாயும் ஊரில். “தண்ணிக்குள்ள பொறந்தவளை மேட்டுல கொண்டாந்து காயப் போட்டுட்டாங்க” என்று தன் கல்யாணத்தைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடுவார். கணவர் ராசப்பன் லாரி ஓட்டினார். வடக்கே போனால் மாதக் கணக்கில் வரமாட்டார். வானத்தைப் பார்த்துக் கடலை போடுவது எப்படி என்பதைச் சென்னியம்மாள் தட்டுத்தடுமாறித்தான் கற்றார். முதல் வருடம் முந்தி விதைத்துப் பாதி முளைக்கவில்லை. மறு வருடம் பிந்தி விதைத்துப் பூ எல்லாம் வெயிலில் போனது. “மூணாவது வருஷம் மழைக்கே என்னைப் பார்த்துப் பாவமாப் போயிருச்சு” என்பார்.

ராசப்பன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு காடு சென்னியம்மாள் பெயருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், மகன் சந்தோஷ்குமாருக்குப் பெண் தேடியது. அந்தப் பக்கத்துப் பெண் வீட்டார் கேட்கும் கேள்விகள் இரண்டு. மாப்பிள்ளை விவசாயம் பார்க்கிறாரா? பார்த்தால் வேண்டாம். மாப்பிள்ளை பெயரில் நிலம் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் வேண்டாம். சந்தோஷ்குமார் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வடமாநிலம் வடமாநிலமாகப் போய்ப் போர்க் கிணறு போடுகிறவர், ஆகவே முதல் கேள்வியில் தேறிவிட்டார். இரண்டாவதற்காகச் சென்னியம்மாள் தன் பங்கையும் விட்டுக்கொடுத்துக் காட்டை முழுக்க மகன் பெயருக்கு எழுதிவைத்தார். பெண் கிடைத்தாள்: தனப்பிரியா, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமான மூன்றாம் மாதம் மருமகளுக்குத் தனி அடுப்பு வைத்தாயிற்று.

ஆனி மாதம் யாழினி வந்தபோது சென்னியம்மாள் எருமைக்குச் சோளத் தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க பேர்ல நிலம் எவ்வளவு இருக்குங்கம்மா?”

“என்ற பேர்ல என்ன இருக்குது சாமி? ரேசன் கார்டு இருக்குது. இந்த ரெண்டு எருமை இருக்குது. அதுல ஒண்ணு சொன்ன பேச்சுக் கேக்காது.”

“அப்ப அந்தக் கடலைக் காடு?”

“அது பையன் பேர்ல. பையன் சத்தீஸ்கர்ல போர் போடறான்.”

“மருமக உங்களோட சாப்பிடறாங்களா?”

“அதுக்குத் தனி அடுப்பு. குழம்பு குடுத்து வாங்கிக்குவோம். சோறு வேற.”

“குழம்பு தினமுமா?”

“நல்லா இருந்தாத் தினமும்.”

யாழினி சிரித்துவிட்டு, விதிப்படி எழுதினார். அடுப்பு வேறு, ஆகவே இரண்டு குடும்பம். மகன் குடும்பத்துக்கு நிலம் உண்டு, தாய் குடும்பத்துக்கு இல்லை.

மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரட்டியதை எல்லாம் ஊர்க்காரர்களுக்கே காட்டிக் கருத்துக் கேட்பதற்காக யாழினி பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். பெயர் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓர் எண்தான். ஆனால், ‘மகன் வெளிமாநிலத்தில், மருமகள் ஆசிரியர், தனித்துச் சமைத்து இரண்டு எருமை வைத்திருக்கும் நிலமற்ற பெண்’ என்று வாசித்தால் ஓடைக்காட்டுப்புதூரில் அது எண்ணா, பெயரா? மொத்தக் கூட்டமும் சென்னியம்மாள் பக்கமாகத் திரும்பியது. பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“ஏனுங்க்கா, நிலமில்லாதவங்க கணக்குல உங்களுக்கு ரெண்டு இலவச ஆடு குடுக்கச் சொல்லி மனு எழுதிப் போடலாமுங்களா?”

“போடு போடு. மேய்க்க உன்னையும் சேர்த்து எழுதிப் போடு.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. யாழினிக்கு முகம் சிவந்துவிட்டது. இனிமேல் இப்படி வாசிக்கக் கூடாது என்று கூட்டத்திலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டார். சென்னியம்மாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் தீர்த்தகிரி, பக்கத்து ஊரில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். புதிதாக இரண்டு செட், அதாவது கோழிக் கொட்டகை, போட இடம் தேடிக்கொண்டிருந்தவர். ரோட்டை ஒட்டிய சென்னியம்மாள் காட்டின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். அந்த அம்மாளிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வானேன் என்று சும்மா இருந்தார். காடு அந்த அம்மாள் பெயரில் இல்லை என்பதைக் கூட்டம் தீர்த்தகிரிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

அன்று சாயங்காலமே சத்தீஸ்கருக்குப் போன் போனது. சந்தோஷ்குமாருக்கும் யோசனை தப்பாகப் படவில்லை. குத்தகைப் பணம் மாதா மாதம் வரும். அம்மாவும் வெயிலில் அலைய வேண்டியதில்லை. “ஆடில ஊருக்கு வாரேனுங்க, நேர்ல முடிச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

விஷயம் தனப்பிரியா வழியாகச் சென்னியம்மாள் காதுக்கு வந்தது.

“அத்தை, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ‘அம்மா பொழுதுபோக்குக்குத்தானே பண்ணுது, செட்டுக்கு உட்டுட்டா என்ன’ன்னு கேட்டாருங்க.”

“பொழுதுபோக்கா?” என்றார் சென்னியம்மாள். கொஞ்ச நேரம் எருமையைக் காரணமில்லாமல் திட்டிக்கொண்டிருந்தார். இன்னும் சில வாரத்தில் ஆடி மழை விழும். விழுந்த ஈரத்தில் கடலை போட்டாக வேண்டும். இந்த ஆடியில் அந்தக் காட்டில் விதை விழுமா, சிமெண்டுத் தூண் விழுமா என்பதுதான் இப்போது கேள்வி.

மறுநாள் யாழினி தங்கியிருந்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

“அம்மிணி, உன்ற கணக்குல என்னைத் தப்பா எழுதிப் போட்டிருக்கறே. மாத்து.”

யாழினி விதியை விளக்கினார். இரண்டு அடுப்பு இருக்கும்வரை இரண்டு குடும்பம். ஒரே அடுப்பில் சாப்பிட்டால் ஒரே குடும்பம், நிலமும் பொதுவில் வந்துவிடும். எழுதியதை மட்டும் மாற்ற முடியாது, நடப்பதுதான் எழுத்தில் வரும் என்றும் சொன்னார்.

“அவ்வளவுதானே?” என்று சென்னியம்மாள் வீட்டுக்குப் போய், தன் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு மருமகள் சமையற்கட்டுக்குக் குடியேறினார்.

அந்த ஒரு வாரத்தை இரண்டு பேரும் இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அப்போது சிரிக்கவில்லை. தனப்பிரியாவுக்குப் பள்ளி வேன் வருவதற்குள் இட்லி வெந்தாக வேண்டும். சென்னியம்மாளுக்குப் பால் கறந்த கையோடு களி உருண்டை வயிற்றுக்குள் போயாக வேண்டும். கேஸ் அடுப்போ ஒன்றுதான்.

“அத்தை, மிக்ஸி ஓடறப்ப மூடியத் தொறக்காதீங்க!”

“உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க வேண்டாமா?”

சுவரெல்லாம் தேங்காய்ச் சட்னி. மருமகள் எண்ணெயைக் கரண்டியில் அளந்து ஊற்றுவதைச் சென்னியம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாமியார் ஊற்றுவதைத் தனப்பிரியாவால் பார்க்க முடியவில்லை. காலையில் சமைத்துக்கொண்டே புருஷனோடு போனில் பேசுவது தனப்பிரியாவின் ஒரே தனிமை. இப்போது நடுவில் மாமியார் புகுந்து, “அங்க மழை வந்துருச்சான்னு கேளு” என்று கத்தினார்.

வாரக் கடைசியில் யாழினி வந்து பார்த்தார். ஒரே அடுப்புதான், சந்தேகமில்லை. புதிதாக எழுதி வாசித்தார். குடும்பத் தலைவர்: சந்தோஷ்குமார். முதன்மைத் தொழில்: ஆழ்துளைக் கிணறு தோண்டுதல். வகை: விவசாயம் சாராத குடும்பம். சென்னியம்மாள்: தலைவரின் தாய், சார்ந்திருப்பவர்.

“சார்ந்துன்னா?”

“பையனை நம்பி இருக்கறவங்க.”

சென்னியம்மாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“முன்னாடி நிலம் இல்லாட்டியும் நான்னு ஒரு ஆள் இருந்தேன். இப்ப ஆளே இல்லையா? நல்லாச் சேர்த்தே போ!”

விறுவிறுவென்று தன் பக்கம் போய் அடுப்பை மறுபடி மூட்டினார். தனப்பிரியா தடுக்கவில்லை. மாமியாரின் தட்டையும் டம்ளரையும் அவரே ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்காலம் ஒரு கிண்ணம் தக்காளிக் குழம்பு அந்தப் பக்கம் போனது. கிண்ணம் அவரைக்காய்ப் பொரியலோடு திரும்பி வந்தது. இரண்டு வீட்டிலும் அன்றைக்கு நல்ல சாப்பாடு.

ஆடி பிறந்தது. வடக்கே மழை பிடித்து ரிக் வேலை நின்றதால் சந்தோஷ்குமார் ஊருக்கு வந்தார். அவர் வந்த மூன்றாம் நாள் ஓடைக்காட்டுப்புதூரிலும் நல்ல மழை. மண் பதமாக நனைந்திருந்தது. மறுநாள் காலையில் தீர்த்தகிரி வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். அதே நேரத்தில், ‘மகன் குடும்பம்’ என்று தனியாக எழுதியிருந்ததைச் சரிபார்க்க யாழினியும் வந்து சேர்ந்தார். கொட்டகை ஓரம் எல்லோருக்கும் நாற்காலி போட்டாயிற்று. சென்னியம்மாள் மட்டும் உட்காரவில்லை.

“என்னோடது சித்த நேரந்தாங்க, முதல்ல முடிச்சுக்கறேன்” என்று யாழினி சந்தோஷ்குமாரிடம் திரும்பினார். “உங்க பேர்ல காடு இருக்கு. நீங்க விவசாயம் பண்றீங்களா?”

“எனக்கு எங்கீங்க நேரம்? அம்மா பண்ணுது.”

“அவங்க தனிக் குடும்பம். உங்க நிலத்துல பண்றாங்க. அதுக்கு உங்களுக்கு ஏதாவது குடுக்கறாங்களா?”

“எங்கம்மாகிட்ட நான் குத்தகை, வாரம்னு வாங்கறதா? நல்லா கேட்டீங்க போங்க!”

“சமையலுக்கு எண்ணெய் எங்க வாங்கறீங்க?”

“எண்ணெய் வாங்கறதில்லீங்க. நம்ம கடலைய ஆட்டிக்கறதுதான்.”

“பால்?”

“அம்மாது.”

“ரிக் வண்டிக்குப் போகும்போது?”

“ஒரு மூட்டை கடலை போட்டுக் குடுக்கும். வண்டில இருக்கற பசங்க எல்லாம் அதைத்தான் வறுத்துத் திங்கறோம்” என்று சொல்லிக்கொண்டே வந்த சந்தோஷ்குமாரின் குரல் மெல்ல இறங்கியது. “சோளம், அவரை, துவரை... அதுவும் அங்கிருந்துதானுங்க வருது.”

“விளைச்சல்ல ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு வருது. பணமா இல்ல, பொருளா” என்று யாழினி நிதானமாகச் சொன்னார். “இதுக்குப் பேர் வாரம்தாங்க. நீங்க நிலத்துக்குச் சொந்தக்காரர், ஊர்ல இல்ல, சாகுபடியும் பண்றதில்ல. அம்மா உங்ககிட்ட வாரத்துக்குப் பண்றாங்க. நான்தான் முதல்லயே கேட்டிருக்கணும். உறவுக்காரங்களுக்குள்ள குத்தகை இருக்காதுன்னு நெனச்சு அந்தக் கேள்விய விட்டுட்டேன்.”

தனப்பிரியா பள்ளிக்குக் கிளம்பியவர் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். “அப்படின்னா இவரு பண்ணையாரா?”

“புத்தகத்துல ‘ஊரில் வசிக்காத நில உடைமையாளர்’னு இருக்கும்.”

“எந்த ஊர்லயும் அவங்களுக்கு நல்ல பேரு இல்லீங்களே!” என்று தனப்பிரியா வெடித்துச் சிரித்தார். சந்தோஷ்குமார் காதைச் சொறிந்துகொண்டார்.

சென்னியம்மாள் இப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்ப நான் குத்தகைக்காரி.”

“ஆமாங்கம்மா.”

“பொழுதுபோக்குக்காரி இல்ல.”

“இல்லவே இல்லைங்க.”

“ஏனுங் தீர்த்தகிரி, குத்தகைக்காரியக் கேக்காம காட்டை இன்னொருத்தருக்கு உடறது நம்ம பக்கத்துல வழக்கமுங்களா?”

தீர்த்தகிரி தொழிலில் பழுத்தவர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்தவர். “அதெப்படீங்க்கா, உங்களைக் கேக்காம முடியும்? கேக்கத்தானே வந்தேன்.”

“கேளுங்க.”

“செட்டுக்கு இடம் வேணுமுங்க்கா.”

“கடலைக் காட்டைக் குடுக்க மாட்டேன். ரோட்டோரம் அந்தப் பாறைத் திட்டு சும்மா கெடக்குது. அதுல வெதச்சா கல்லுதான் மொளைக்கும். செட்டுக்குத் தரை கெட்டியா இருந்தாத்தானே நல்லது?”

தீர்த்தகிரிக்கு வேண்டியது ரோடுதான். மண்ணின் குணம் பற்றி அவருக்குக் கவலை இல்லை. உள்ளுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு செட்டுதான் அங்கே கொள்ளும். அதுவும் பரவாயில்லை என்றார்.

“வாடகை பையனுக்கு. கோழி எருவுல பாதி எனக்கு” என்றார் சென்னியம்மாள். “ஈ மொய்ச்சுதுன்னா மொதல்ல உங்க ஊட்டுக்குத்தான் வருவேன்.”

“எரு பாதியா? அது கேரளா வரைக்கும் போகுதுங்க்கா!”

“காடு பக்கத்துலயே இருக்கறப்ப எதுக்குக் கேரளா போகோணும்? லாரி வாடகை மிச்சம்.”

மூன்றில் ஒரு பங்குக்குப் பேசி முடிந்தது. தீர்த்தகிரி கிளம்பியதும் சந்தோஷ்குமார் அம்மாவைப் பார்த்தார். “ஏம்மா, இவ்வளவு ஆசை இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நீயே பண்ணிக்கோ. நான் ஒண்ணும் சொல்லலை.”

“நீயே பண்ணிக்கோன்னா அது போனாப் போகுதுன்னு உடறது. நாளைக்கு இன்னொருத்தன் போன் பண்ணுவான். எத்தனை வருஷம்னு சொல்லு.”

“அம்மாவுக்குப் போய் வருஷக் கணக்கா?”

“குத்தகைக்காரிக்கு.”

சந்தோஷ்குமார் மனைவியைப் பார்த்தார். தனப்பிரியா விரல் ஐந்தையும் விரித்துக் காட்டினார்.

“சரி. அஞ்சு வருஷம்.”

“வாரம்?”

“இப்பக் குடுக்கறதையே குடு. ரிக் வண்டிக்கு மட்டும் இன்னொரு மூட்டை சேர்த்துப் போடு.”

“அரை மூட்டை. வெளைஞ்சா.”

யாழினி அந்த வீட்டைத் திருத்தி எழுதினார். அத்தோடு நிற்காமல், தனியாகச் சமைக்கும் பெற்றோர் இருந்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய், விட்டுப்போன கேள்வியைக் கேட்டார். ஊரில் குத்தகையே அற்றுப்போய்விட்டது என்று அவர் எழுதி வைத்திருந்த பக்கம் தலைகீழாகிவிட்டது. சொந்த மகனிடமே வாரத்துக்குப் பண்ணுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ஒரு பெரியவர், தான் மகனுக்கு வாரம் கொடுத்துக்கொண்டிருப்பது தெரிந்ததும், “அதான் இத்தனை நாளா மனசுக்கு என்னமோ பண்ணிக்கிட்டே இருந்துச்சு” என்றாராம். யாழினியின் வழிகாட்டிப் பேராசிரியர் முதலில் நம்பவில்லை. இப்போது தானே ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

தீர்த்தகிரி வந்துபோன அன்றைக்கு அதற்கெல்லாம் சென்னியம்மாளுக்கு நேரமில்லை. ஈரம் இருக்கும்போதே விதை மண்ணுக்குள் போயாக வேண்டும். பேச்சு முடிந்த சூட்டோடு டிராக்டருக்கு ஆள் அனுப்பினார். வெயில் ஏறுவதற்குள் டிராக்டர் சால் ஓட்டத் தொடங்க, பின்னாலேயே பெண்கள் மடியில் விதையோடு வரிசை பிடித்தார்கள். சந்தோஷ்குமாரும் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்.

ஒரு சால் போவதற்குள் வரப்பிலிருந்து சத்தம் வந்தது.

“டேய், போர் போடற மாதிரி ஆழமாப் பொதைக்காதே! கடலை மேல வரோணுமா வேண்டாமா?”

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சென்னியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே இறங்கினார்.